ஷேரா அன்று வீட்டில் இருந்தது

நாய் வளர்ப்பவர்களுக்குப் பூங்காவில் சொந்தப் பெயர் கிடையாது. கிழக்கு தில்லியில் எங்கள் குடியிருப்பை ஒட்டிய பூங்காவில் ஆறு வருடமாக நான் ‘மிலகுவின் மம்மி’. மிளகு என்று பெயர் வைத்தபோதே ளகரம் யமுனைக் கரையில் பிழைக்காது என்பது தெரியும். முதுகலைத் தமிழ் படித்தவளுக்கு அந்தப் பிடிவாதமாவது இருக்க வேண்டாமா? மெட்ரோ படிக்கட்டுக்கு அடியில் மழையில் நனைந்து கிடந்த கறுப்புக் குட்டி அது. அப்பன் பெயர் தெரியாத சுத்தமான தெரு நாய்.

மாலை ஆறு மணிக்கு அங்கே ஒரு குட்டி ஐ.நா. சபை கூடும். லாப்ரடார் ப்ரூனோ. 45 டிகிரி வெயில் அடிக்கும் ஊரில், தொலைக்காட்சித் தொடர் பார்த்த மயக்கத்தில் ஒரு இளம் தம்பதி வாங்கிய சைபீரியன் ஹஸ்கி. தட்டை மூக்குப் பக் நாய் சோட்டு. எல்லோரும் பொமரேனியன் என்று சொல்லும், உண்மையில் இண்டியன் ஸ்பிட்ஸ் வகையைச் சேர்ந்த வெள்ளை வெளேர் டஃபி. 1994இல் வந்த ‘ஹம் ஆப்கே ஹைன் கோன்’ படத்தில் கிரிக்கெட் அம்பயர் வேலை பார்த்த நாயின் பெயர், ஜாதியும் அதேதான். பாக்ஸர் ராக்கி. கடைசியாக ஷேரா. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற, மனைவியை இழந்த எழுபத்து நான்கு வயதுப் பெரியவர் வளர்க்கும் ராட்வைலர்.

போன குளிர்காலத்தில் ஒரு மாலை சோட்டுவுக்கு ஒரு கண் போனது.

நான் பத்தடி தள்ளி நின்றேன். சோட்டுவைக் கயிற்றில் பிடித்திருந்தவள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண். சோட்டு வழக்கம்போலக் குறட்டைச் சத்தத்துடன் நேராக டஃபியின் முகத்துக்கு எதிரே போய் நின்றது. டஃபி முகத்தைத் திருப்பிக்கொண்டது. உதட்டை நக்கியது. அப்படியே விறைத்தது. சோட்டு இன்னும் நெருங்கியது. பிறகு நடந்ததற்கு இரண்டு விநாடிகூட ஆகியிருக்காது. டஃபியின் பல் கண்ணில் படவே இல்லை. கன்னத்துத் தோலைப் பிடித்து இழுத்ததிலேயே கண் விழிப்பள்ளத்தை விட்டு வெளியே வந்துவிட்டது. பக் நாய்களுக்கு அந்தப் பள்ளம் ஆழமில்லாதது; இது கால்நடை மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் விபத்து. அந்தப் பெண் தன் துப்பட்டாவைத் தண்ணீரில் நனைத்துக் கண்ணை மூடிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். டாக்டரால் கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் சங்கத்தின் அவசரக் கூட்டம். ஒரு மணி நேரக் கூச்சலுக்குப் பிறகு, ‘ஆபத்தான ரக’ நாய்களுக்குப் பூங்காவில் இடமில்லை என்று தீர்மானம் போட்டார்கள். எங்கள் குடியிருப்பில் அந்தப் பட்டியலுக்குப் பொருந்தியது ஒரே ஒரு நாய். ஷேரா. சம்பவத்தன்று வயிற்றுப்போக்கில் மூன்றாவது மாடி வீட்டில் படுத்துக் கிடந்த அதே ஷேரா.

“ஆன்ட்டி, ஷேரா ஒண்ணும் பண்ணலையே?” என்று என்னிடம் வந்து கேட்டது சோட்டுவின் சொந்தக்காரப் பெண் மட்டும்தான்.

எழுத்து வேலை செய்பவள் என்பதால் தடை அறிவிப்பை இந்தியில் எழுதித் தரும்படி செயலாளர் என்னிடம் ஒரு தாளைக் கொடுத்தார். 2024 மார்ச் 12இல் மத்திய கால்நடைப் பராமரிப்புத் துறை மாநிலங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கையின் பட்டியல். மனித உயிருக்கு ஆபத்தானவை என்று 23 வகை நாய்களை இறக்குமதி செய்யவும் விற்கவும் இனப்பெருக்கம் செய்யவும் கூடாது என்று சொன்ன சுற்றறிக்கை அது. அதே ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தில்லி உயர் நீதிமன்றத்திலும் அது நிற்கவில்லை. மொழிபெயர்க்க உட்கார்ந்தால்தான் ஒரு ஆவணத்தின் லட்சணம் தெரியும். டோசா இனு என்று ஓரிடத்தில் இருக்கிறது. சற்றுக் கீழே ஜப்பானிய டோசா. இரண்டும் ஒரே நாய். பிட்புல் டெரியர் என்று ஒன்று, பிறகு வெறுமனே ‘டெரியர்கள்’ என்று ஒன்று. மடியில் உட்காரும் யார்க்‌ஷையர் டெரியரும் அதில் அடக்கம்.

இதையெல்லாம் செயலாளரிடம் சொன்னேன். நீதிமன்றம் ரத்து செய்ததையும், நாய் வளர்ப்பதற்குச் சங்கங்கள் தடை போட முடியாது என்று விலங்கு நல வாரியம் 2015இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டதையும் சொன்னேன். “மேடம், கோர்ட் ரத்து பண்ணினா ராட்வைலர் முயலாயிடுமா?” என்றார்.

அவருடைய பயம் பொய்யல்ல. 2022 ஜூலையில் லக்னோவில் ஒரு மூதாட்டியை அவர் வீட்டு பிட்புல்லே கொன்றது. அந்த ஆண்டிலிருந்து வடக்கே ஒவ்வொரு லிஃப்டிலும் நாய் விஷயம் கொதித்துக்கொண்டிருக்கிறது. 2025 ஆகஸ்ட் 11இல் தில்லியின் தெரு நாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், 22ஆம் தேதி அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு எடுத்த இடத்திலேயே விடலாம், வெறி பிடித்தவையும் மூர்க்கமானவையும் தவிர, என்றது. அந்தப் பதினோரு நாளில் எங்கள் குடியிருப்பில் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் உண்டு. ஆனால் பெரிய நாய் கடித்தால் காயம் பெரிது என்பது ஒரு விஷயம். இந்த நாயும் அந்த நாயும் ஏன் ஒத்துப்போவதில்லை என்பது வேறு விஷயம். சோட்டுவின் கண் போனது இரண்டாவதால்.

என் தொழிலில் தினமும் இடிக்கும் ஒரு சங்கடம் இருக்கிறது. இந்திக்காரர் ‘உபன்யாஸ்’ என்றால் நாவல். தமிழில் உபன்யாசம் கோயில் மண்டபத்தில் நடப்பது. அவருக்கு ‘சிக்‌ஷா’ கல்வி; நமக்குச் சிட்சை தண்டனை. அவருக்கு ‘சன்ஸார்’ உலகம். நம் ஊர்க்காரருக்குச் சம்சாரம் வீட்டில் சமைத்துக்கொண்டிருப்பவர். சொல் ஒன்றாகவே காதில் விழும், பொருள் வேறு. பூங்காவில் நாய்களுக்கு நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதைச் சரிபார்க்கப் படிக்க ஆரம்பித்தேன்.

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஓநாய்கள் சண்டைக்கு முன்னும் சமாதானத்துக்கும் காட்டும் 15 உடல் சைகைகளை எடுத்துக்கொண்டு, பத்து வகை நாய்களிடம் அவற்றில் எத்தனை மிச்சமிருக்கின்றன என்று பார்த்தார்கள். சைபீரியன் ஹஸ்கியிடம் 15ம் இருந்தன. கோல்டன் ரிட்ரீவரிடம் 12, ஜெர்மன் ஷெப்பர்டிடம் 11, லாப்ரடாரிடம் 9. தட்டை மூக்கு ஃப்ரெஞ்ச் புல்டாகிடம் நான்கு. மடிநாயான காவலியர் கிங் சார்ல்ஸ் ஸ்பானியலிடம் இரண்டே இரண்டு. அழகுக்காக முகத்தையும் காதையும் குட்டித்தனமாக மாற்றிக்கொண்டே போனதில், பெரியவர்கள் பேசும் பேச்சு கழன்றுபோயிருக்கிறது.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டுக்கு ஓர் இயலே ஒதுக்கி, உள்ளத்தில் இருப்பது உடம்பில் தெரியும் விதத்தை எட்டாக வகுத்தார். பக் நாயின் முகத்தில் எட்டையும் தேடிப் பாருங்கள். நெற்றியில் நிரந்தரமாக மடிப்பு. முறைக்கிற மாதிரி எப்போதும் விழித்த கண். மூச்சு விட்டாலே உறுமல். சோட்டு அன்று அநேகமாக ‘வா, விளையாடலாம்’ என்றுதான் சொல்லியிருக்கும். டஃபிக்குக் கேட்டது வேறு. டஃபியின் பக்கத்திலும் சிக்கல் உண்டு. ஸ்பிட்ஸ் வாலைப் பிறப்பிலேயே முதுகின் மேல் சுருட்டி வைத்திருக்கும். பயத்தில் தழைப்பது அதற்கு லேசில் வராது. சிலிர்த்த முடியும் அந்தப் பஞ்சுப் பொதியில் தெரியாது.

ஷேராவுக்கு வாலே கிடையாது. விற்றவர் பிறந்த சில நாளிலேயே நறுக்கிவிட்டார், பார்வைக்குக் கம்பீரமாம். கனடாவில் விக்டோரியா நகர ஆய்வாளர்கள் ஒரு பொம்மை நாய்க்கு நீள வாலும் குட்டை வாலும் மாற்றி மாற்றிப் பொருத்திப் பூங்காவில் நிறுத்தி, 2008இல் முடிவை எழுதினார்கள். நீள வால் ஆடினால் மற்ற நாய்கள் தைரியமாக அருகே வந்தன. அசையாமல் நின்றால் தயங்கின. குட்டை வால் ஆடினாலும் ஆடாவிட்டாலும் அவற்றுக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஷேராவைப் பார்த்ததும் ராக்கி ஏன் பத்தடிக்கு முன்பே நின்றுவிடும் என்று பெரியவரும் நானும் பலமுறை பேசியிருக்கிறோம். ராக்கியும் வால் நறுக்கப்பட்ட நாய்தான். இரண்டு ஊமைகள்.

முகமும் வாலும் போக, விளையாட்டு முறை என்று ஒன்று இருக்கிறது. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் சுவாரஸ்யமான பகுதி. எந்த வேலைக்காக மனிதன் அந்த நாயைப் பெருக்கினானோ, அந்த வேலையின் சாயல் அதன் விளையாட்டில் இருக்கும். ஆடு மேய்க்க வளர்த்தவை சுற்றி வளைக்கும், உற்று முறைக்கும், குதிகாலைக் கவ்வும். பாக்ஸர் முன்னங்காலைத் தூக்கி அறையும், மார்பால் மோதும். லாப்ரடாருக்கு எல்லாமே வாய். எதிராளியின் கழுத்தைக் கௌவிக்கொண்டு உருளும். கர்நாடகத்து முதோல், உத்தரப் பிரதேசத்து ராம்பூர் போன்ற வேட்டை நாய்களுக்கு ஓட வேண்டும், துரத்த வேண்டும். துரத்தப்படுவது குட்டியாக இருந்து, பயந்து கீச்சிட்டு ஓடினால், எந்த நொடியில் விளையாட்டு வேட்டையாகும் என்று சொல்வதற்கில்லை. டெரியர்களை வளைக்குள் தனியாக அனுப்பி எலியையும் நரியையும் கொல்லவே வளர்த்தார்கள். சட்டென்று விட்டுக்கொடுப்பது அதன் உத்தியோகத்திலேயே இல்லை. கூட்டமாக முயல் துரத்திய பீகிளுக்கோ பக்கத்தில் இன்னொரு நாய் இருந்தால் சோறு இன்னும் ருசிக்கும்.

ராக்கி அறையும்போது மிளகுவுக்குக் கோபம் வருவதும், ப்ரூனோ மேலே விழுந்து புரண்டால் பொறுத்துக்கொள்வதும் இதனால்தான். ஒருவர் கபடி ஆட வருகிறார், இன்னொருவர் செஸ் பலகையோடு வருகிறார்.

அப்படியானால் ரகம்தானே காரணம், செயலாளர் சொன்னது சரிதானே என்று நீங்கள் கேட்கலாம். 2022இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வு இதற்குப் பதில் வைத்திருக்கிறது. அமெரிக்காவில் 18 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் குணங்களை உரிமையாளர்களிடம் கேட்டு, இரண்டாயிரத்துக்கும் அதிகமான நாய்களின் மரபணுவைப் படித்தார்கள். ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் உள்ள குண வேறுபாட்டில் ரகத்தால் விளக்க முடிந்தது சுமார் 9 சதவீதம். சொன்ன பேச்சைக் கேட்கும் குணத்தில் ரகத்தின் பங்கு கொஞ்சம் தெரிந்தது. எவ்வளவு சீண்டினால் கோபம் வரும் என்பதில் ரகத்தை வைத்து ஏறக்குறைய ஒன்றும் சொல்ல முடியவில்லை. ரகம் எப்படி விளையாடும் என்பதற்கு ஒரு குறிப்புத் தரும். எதிரே நிற்கிற இந்த நாய் கடிக்குமா என்று கேட்டால் கையை விரித்துவிடும்.

பூங்காவில் இதைச் சொன்னபோது ஒரு அம்மணி, “அதெல்லாம் ரத்தத்திலே இருக்கறது. நல்ல ‘நஸ்ல்’ நாய் தெரு நாயோடு சேராது” என்றார், மிளகுவைப் பார்த்துக்கொண்டே. நஸ்ல் என்றால் இனம், வம்சம். தமிழில் நாம் இன்னும் ஒரு படி மேலே போய் ‘ஜாதி நாய்’ என்றே சொல்கிறோம், எனக்கு மேலே கைதவறி விழுந்த மாதிரி. இந்தச் சொல்லை நாயிடமிருந்து நாம் எடுக்கவில்லை, நாய்க்குக் கொடுத்தோம். தில்லியில் வேலைக்கு வரும் பெண்ணுக்குத் தனி டம்ளர் வைத்திருக்கிற வீடுகளில் நாய்க்குச் சம்பந்தம் பார்ப்பதைப் போலப் பரம்பரைச் சான்றிதழ் பார்ப்பார்கள். அம்மணியின் ‘நல்ல நஸ்ல்’ ஹஸ்கிக்குப் பூங்காவில் ஒரே நண்பன் மிளகுதான் என்பதை அவரிடம் சொல்லவில்லை. தினமும் பார்க்கிறவர்தானே.

மிச்சம் எங்கிருந்து வருகிறது? பெரும்பங்கு குட்டிப் பருவத்திலிருந்து. நாய்க்குட்டிக்கு மரபியலில் தொல்காப்பியர் தருகிற பெயர் குருளை. புலிக்குட்டிக்கும் அதே பெயர். அமெரிக்காவின் பார் ஹார்பரில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவர் ஐந்து வகை நாய்களை வருடக்கணக்கில் வளர்த்துப் பார்த்து 1965இல் எழுதிய நூல் இன்றைக்கும் இந்தத் துறையில் அஸ்திவாரம். மூன்றாவது வாரம் முதல் ஏறத்தாழ பன்னிரண்டாவது வாரம் வரை குருளைக்கு உலகத்தை ஏற்றுக்கொள்ளும் ஜன்னல் திறந்திருக்கிறது. எவ்வளவு அழுத்தினால் கடி வலிக்கும், எதிராளி முகத்தைத் திருப்பினால் என்ன அர்த்தம் என்பதை எல்லாம் தாயும் கூடப்பிறந்ததுகளும் சொல்லிக் கொடுப்பது அப்போதுதான். பிறகு கற்றுக்கொள்ள முடியாது என்பதில்லை. நாற்பது வயதில் இந்தி கற்றுக்கொண்டவளைக் கேளுங்கள், எவ்வளவு வலி என்று.

எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017இல் மத்திய அரசு விதி போட்டது. சோட்டுவை அந்தக் குடும்பம் வாங்கியபோது அதற்கு ஐந்து வாரம். கண்கூடத் தெளியாத குட்டியை அட்டைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தார்களாம். பிறகு பார்வோ நோய்க்குப் பயந்து, எல்லா ஊசியும் போட்டு முடியும்வரை நாலு மாதம் வீட்டை விட்டு இறக்கவில்லை. அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. பார்வோ குட்டிகளை இரண்டு நாளில் கொண்டுபோகும். ஊசி போட்ட நல்ல நாய்கள் உள்ள வீடுகளுக்காவது அந்த மாதங்களில் குட்டியைத் தூக்கிப் போங்கள் என்று இப்போது மருத்துவர்கள் சொல்கிறார்கள். சோட்டுவுக்குச் சொன்னவர் இல்லை. டஃபி முகத்தைத் திருப்பியதும் உதட்டை நக்கியதும் அதற்குத் தெரியாத மொழி.

கயிறு வேறு. செக் நாட்டின் ப்ர்னோ நகரில் தெருவில் சந்தித்துக்கொள்ளும் நாய்களைக் கவனித்து 2011இல் வெளியான ஆய்வில், கயிற்றில் இருக்கும்போது மிரட்டல் சுமார் இரண்டு மடங்கு. காரணம் ஊகிக்கக் கஷ்டமில்லை. தன் போக்கில் விட்டால் நாய்கள் வளைந்து பக்கவாட்டில் வந்து பின்பக்கத்தை முகரும். கயிறு நேருக்கு நேர் நிறுத்துகிறது, தலையை நிமிர்த்துகிறது, ஓடுகிற வழியை அடைக்கிறது. அதற்காகச் சாலையோரப் பூங்காவில் கயிற்றை அவிழ்க்க முடியுமா? முடியாது. கயிறு தளர்வாக இருக்கலாம், முகத்துக்கு முகம் நிறுத்தாமல் இருக்கலாம். “ஹலோ சொல்லு, ஹலோ சொல்லு” என்று நாயைத் தள்ளிக்கொண்டு போகாமலாவது இருக்கலாம்.

‘அப்னி கலி மே குத்தா பி ஷேர்’ என்பார்கள் இங்கே. தன் சந்தில் நாயும் சிங்கம். மிளகுவுக்கு அது பொருந்தும். பூங்காவின் வடக்கு வாசல் தன் பாட்டன் சொத்து என்று அதற்கு நினைப்பு. புது நாய் அந்த வழியாக வந்தால் சண்டை, தெற்கு வாசலில் வந்தால் வரவேற்பு. புதிதாக வருகிறவர்களிடம் தெற்கு வாசலைக் காட்டிவிடுவேன்.

அறிவிப்பை நான் எழுதித் தரவில்லை. வேறு யாரோ எழுதி ஒட்டினார்கள். ‘ராட்வைலர்’ என்பதில் இரண்டு எழுத்துப் பிழை. டஃபி தினமும் ஆறு மணிக்கு வருகிறது. சோட்டுவும் வருகிறது, ஒற்றைக் கண்ணோடு, பார்வை போன பக்கமாக எந்த நாய் வந்தாலும் துள்ளி விழுந்துகொண்டு. அந்தப் பெண் இப்போது எப்போதும் அந்தப் பக்கம் நடக்கிறாள்.

பெரியவருக்கு வந்த கஷ்டம் வேறு மாதிரி. மாலை நேரப் பூங்கா அவருக்கும்தான் போனது. நாள் முழுக்க அவர் மனிதர்களோடு பேசிய முக்கால் மணி நேரம் அதுதான். ஷேராவை யாரிடமாவது கொடுத்துவிடும்படி பெங்களூரிலிருந்து மகன் போனில் சொல்லிக்கொண்டிருந்தான். “எட்டு வயசு ராட்வைலரை யார் எடுப்பா, பேட்டி?” என்று என்னிடம் கேட்டார்.

இரவு பத்தரைக்குப் பூங்கா காலி. அந்த நேரத்துக்கு மிளகுவையும் கூட்டிக்கொண்டு நான் கீழே இறங்க ஆரம்பித்தேன். பூங்காவுக்குள் போவதில்லை, வெளிச்சுற்றுச் சாலையில் நடக்கிறோம். முதல் வாரம் அவர் சாலையின் அந்த ஓரம், நான் இந்த ஓரம், இரண்டு நாயும் ஒரே திசையில், ஒன்றையொன்று பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாமல். நாய்ப் பயிற்சியாளர்கள் எல்லோருக்கும் தெரிந்த பழைய வழி இது. மிளகு பத்தடிக்கு ஒருமுறை அந்தப் பக்கம் பார்த்து உறுமியது. ஷேரா தரையை முகர்ந்தபடி நடந்தது. மூன்றாவது வாரம் இடைவெளி எட்டடி. ஒரு மாதம் கழித்து, வேப்ப மரத்தடியில் மிளகு ஒன்றுக்கிருந்த இடத்தை ஷேரா நின்று நிதானமாக முகர, மிளகு திரும்பி நின்று காத்திருந்தது. பெரியவர் என்னைப் பார்த்தார். நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை. கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தினோம்.

இப்போது நான்கடி. அவர் தன் பழைய ரயில் கதைகளைச் சொல்கிறார், இட்டார்சி ஜங்ஷனில் 1984 குளிரில் மூடுபனிக்குள் நின்ற கூட்ஸ் வண்டி பற்றி. அதை ஏற்கெனவே மூன்று முறை கேட்டிருக்கிறேன்.